உங்கள் மகள் என்னை வெளியே உட்காரச் சொன்னது பற்றி

பரளச்சி,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் மாரிக்கண்ணன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் இருளப்பசாமி எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலமாக இருக்கிறேன். உங்கள் அக்காள் பெத்தம்மாளும் நலம் என்று வழக்கம்போல் அடுத்த வரியில் எழுத முடியவில்லை. அவள் நலமா இல்லையா என்பது இப்போது உங்கள் மகள் டாக்டர் ஜெகதீஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். அவள் எனக்குச் சொல்ல மறுக்கிறாள். கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சி முனீஸ்வரியும், மகன் சுந்தரபாண்டியும் அவன் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்று கேள்வி. இங்கே கண்மாயில் அடிமண் வெடித்துக் கிடக்கிறது.

பொருள்: பரளச்சியில் தங்களுக்குச் சொந்தமான வீட்டின் முன்கட்டில் தங்கள் மகள் நடத்தும் ஆஸ்பத்திரியில், கட்டிய கணவனை வெளியே உட்கார வைத்தது – நடவடிக்கை எடுக்க வேண்டி.

இதைப் போனில் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால், எனக்குச் சாதகமான இடம் வரும்போதெல்லாம் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. எழுத்தில் கொடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மளிகைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தை வாசித்து வாசித்தே எழுத்தை வசப்படுத்தினேன். நம் தெருவுக்கு விளக்கு வந்ததும், சாயங்கால பஸ் ஊருக்குள் வந்து திரும்புவதும் யார் எழுதிய மனுவால் என்பது ஊருக்கே தெரியும். புகாரை அதற்குரிய இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதில் நான் கற்றது. டாக்டர் மேல் புகார் என்றால் எங்கே கொடுப்பது என்று விசாரித்தேன். சென்னையில் அதற்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறதாம். அவர்களுக்கு ஜெகதீஸ்வரி யாரென்று தெரியாது. சின்னப் பிள்ளையில் அவள் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப் போடுகிறேன் என்று என் புது வேட்டியைக் கிழித்ததும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பெற்ற தகப்பன் என்ற முறையிலும், ஆஸ்பத்திரி நடக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற முறையிலும், பெத்தம்மாளோடு கூடப்பிறந்தவர் என்ற முறையிலும் உங்களுக்கே எழுதுகிறேன். எந்த முறையில் நடவடிக்கை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

முதலில் பழைய நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காளை எனக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவள் உடம்பைப் பற்றி டாக்டரிடம் பேசி வந்தது நான்தான். மேகம் கறுத்தால் இடது தோளில் குத்தும், வெறும் வயிற்றில் டீ குடித்தால் புளிச்ச ஏப்பம் வரும், படுத்து எழுந்தால் குதிகாலில் கருவேலமுள் ஏறியது போல் இருக்கும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவளைப் பேச விட்டால் காரியம் நடக்காது. முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்கப் போனால், அந்த முழங்காலோடு பந்தல்குடியில் யார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம், அங்கே பந்தியில் யார் நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று ஆரம்பிப்பாள். முழங்காலுக்கு வந்து சேர்வதற்குள் டாக்டருக்கு வலி வந்துவிடும். அருப்புக்கோட்டையில் இருந்த பெரிய டாக்டருக்கு இது தெரியும். மிளகாய்ப் பழம் எடுக்கிற காலத்தில் அவளால் காட்டை விட்டு வர முடியாது என்பதால் நான் மட்டும் பஸ் ஏறிப் போவேன். அவர் நாக்கை நீட்டச் சொல்வார். அவளுக்குப் பதிலாக நான் நீட்டுவேன். பார்த்துவிட்டு, பித்தம் ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். அந்த மாத்திரையில் அவளுக்குக் குணமும் ஆகியிருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. இந்த நாக்கு விஷயத்தை ஒரு முன்னுதாரணமாக உங்கள் மகளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிறிது நேரம் நிமிரவே இல்லை. படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்வது சிரமம்.

இனி நடந்ததற்கு வருகிறேன். மாசிக் கடைசியில் களத்தில் வத்தல் காய்ந்து மூட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு மூட்டையைத் தூக்கி வண்டிப் பக்கம் வைத்துவிட்டு வந்து வரப்பில் சற்று உட்கார்ந்தேன். வெயில். சட்டை நனைந்திருந்தது, எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே இருந்தேன், அவ்வளவுதான். அப்போது தண்ணீர்க் கேனோடு ஓடி வந்தாள் பெத்தம்மாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இரத்தமே இல்லை. கேன் தண்ணீரில் பாதியை வழியிலேயே சேலையில் கொட்டியிருந்தாள். இவளுக்கு உடம்பில் ஏதோ இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மீதி மூட்டைகளை அவள் என்னைத் தொட விடவில்லை, ஆள் விட்டு ஏற்றினாள். அதுவும் அவள் இயல்பே அல்ல. அன்று சாயங்காலம் கொல்லையில் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு நெடுநேரம் உங்களோடு போனில் பேசினாள். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, தம்பி மாட்டு விலை விசாரித்தான் என்றாள். கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற உங்களுக்கு மாடு எதற்கு என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவளுக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவளே, ஜெகாவிடம் போய் உடம்பைக் காட்டிவிட்டு வருவோமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரி என்றால் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடுகிறவள் தானாகக் கேட்கிறாள் என்றால் எந்த அளவுக்கு வேதனை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு கூட்டிப் போனேன். உங்கள் அப்பாவின் தானியக் குலுக்கை நின்ற அறைதான் இப்போது டாக்டர் அறை. வாசலில் பச்சைத் திரை தொங்குகிறது. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முறைப்படி தொடங்கினேன். தோளில் ஆரம்பித்து ஏப்பத்துக்கு வருவதற்குள் உங்கள் மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமா, அத்தய பேச விடுங்க."

"அவ பேசுறதத்தான் ஆத்தா நான் பேசுறேன்."

"அப்ப நீங்க செத்த வெளிய உக்காருங்க. நான் அத்தகிட்ட கேட்டுக்கிறேன்."

"நான் அவ புருசன்."

"அதான் வெளிய உக்காரச் சொல்றேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் பெத்தம்மாளைப் பார்த்தேன். அவள், என் கணவர் இல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "போங்க, காத்தாட இருங்க" என்றாள். நர்சு சுமதி, நம் ஊர்ப் பெண்தான், என் முழங்கையைப் பிடித்து, ஏதோ கண் தெரியாதவனைக் கூட்டிப் போவது போல வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். பெஞ்சில் இருமல் பிள்ளையோடு ஒரு பெண்ணும், காலில் கட்டுப் போட்ட பந்தல்குடி ஆள் ஒருவரும் இருந்தார்கள். கேட்காதது போல இருந்தார்கள். அதுதான் பெரிய அவமானம். மனம் பொறுக்காமல் எதிரே தங்கத்தாய் டீக்கடைக்குப் போனேன். நான் ரோட்டைத் தாண்டுவதற்கு முன்பே சேதி தாண்டியிருக்கிறது. "என்னண்ணே, வெளிய போட்டுட்டாகளாமே?" என்று கேட்டுக்கொண்டேதான் தங்கத்தாய் டீயை ஆற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டில் ஒரு வருஷம் முழுக்கப் பேசாத பேச்சை அங்கே பேசினாள். நடுவில் இருவரும் சிரித்தார்கள். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்த கண்ணா, அழுத கண்ணா என்று தெரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் யாராவது சொல்வார்களா? உங்கள் மகளிடம் கேட்டேன். அத்தை சொன்னதை அத்தையிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், டாக்டர் சொல்லக்கூடாது என்றாள். அத்தையிடம் கேட்டால், டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்கிறாள். சுமதியிடம் கேட்டேன். "பேசண்டு விசயத்த மூணாம் மனுசங்ககிட்டச் சொல்லப்படாது தாத்தா" என்றாள். மாப்பிள்ளை, தாலி கட்டியவன் மூன்றாம் மனுசன். இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

அன்றிலிருந்து வீட்டில் நடப்பதைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். குழம்பில் உப்பு பாதியாகிவிட்டது. ஊறுகாய் ஜாடி பரண் மேல் ஏறிவிட்டது. மோர்வத்தலைக் கேட்டால் எலி தின்றுவிட்டது என்கிறாள். உப்பும் உறைப்புமான வத்தலைத் தின்கிற எலி இந்தக் கரிசல் காட்டில் எனக்குத் தெரிந்து கிடையாது. கருவாட்டுக்காரர் தெருவில் வந்தால் இவளே முன்னால் ஓடிப் போய் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுகிறாள். பெத்தம்மாளுக்கு டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கிறார் என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவள் மட்டும் பத்தியம் இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதற்காக, எனக்கும் சேர்த்து உப்பைக் குறைத்துவிட்டாள். நோய் ஒருவருக்கு, நாக்குச் செத்துப்போனது இன்னொருவருக்கு. சாயங்காலமானால் நடக்க வேண்டும் என்று சொல்கிறாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம், என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். கண்மாய்க்குப் போகிற தார்ரோட்டில் மெதுவாக நடந்து, கரை ஏறாமல் அடியிலேயே திரும்பி வருகிறோம். முன்பெல்லாம் ஆட்டைத் துரத்திக்கொண்டு அந்தக் கரையில் ஓடியவள், இப்போது நான் ஏறப் போனாலும் கையைப் பிடித்து இழுத்து, வேண்டாம், மூச்சு வாங்கும் என்கிறாள். பாவம், அந்த அளவுக்கு அவளால் முடியவில்லை. படுத்தால் தூக்கமும் இல்லை. நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் என் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெண்டாட்டியைத் தனியாக விசாரிப்பதுதான் ஆஸ்பத்திரிச் சட்டம் என்றால் அந்தச் சட்டம் எனக்கும் உண்டு. நானும் நோயாளியாகப் போவேன், நான் உள்ளே, அவள் வெளியே பெஞ்சில். உட்கார்ந்து பார்க்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். நான் என் உடம்புக்கென்று இதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவன் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஒரு தடவை பல் பிடுங்கப் போனேன், அதுவும் போய்ச் சேர்வதற்குள் வலி நின்றுவிட்டதால் திரும்பி வந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் போன செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போய், சுமதியிடம் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னேன்: எனக்கு உடம்பு சரியில்லை, உள்ளே நான் மட்டும்தான் போவேன், இவள் வெளியே உட்கார வேண்டும். பெத்தம்மாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உடனே "சரிங்க" என்று சொல்லிவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து, தங்கத்தாய் கடையைப் பார்த்து ஒரு டீக்குக் கையைக் காட்டினாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

உள்ளே போனேன். உங்கள் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள். இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் புகார் என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் முறை. எனக்கு எதுவும் வரவில்லை. தோளில் குத்துகிறது என்று வாயெடுத்தேன், அது பெத்தம்மாள் தோள். புளிச்ச ஏப்பம், அதுவும் அவளுடையது. குதிகாலும் அவளுடையது. என் உடம்பில் எனக்கென்று ஒரு வலியும் ஞாபகத்துக்கு வரவில்லை. இருக்கிறது, அது தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை. உங்கள் மகள் பொறுமையாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் திரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"ஏய், எனக்கு எந்தக் காலு வலிக்கும்?"

"வலது" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "அதச் சொல்லவா போனீக? கம்மாக்கர ஏறுனா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீகள்ல, அதச் சொல்லுங்க. அன்னைக்குக் களத்துல வேத்து விறுவிறுத்து உக்காந்தீகள்ல, அதயும் சொல்லுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கால்கட்டுக்காரரும் அன்று வந்திருந்தார். ஆனால் உங்கள் மகள் சிரிக்கவில்லை. உடனே என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒயர்களை ஒட்டினாள். கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டுவது போல இருந்தது. ஒரு நீளத் தாளில் கோடு கோடாக வந்தது. பிறகு கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பிரஷர் மிகவும் கூடுதலாக இருக்கிறது, தாளில் வந்த கோடும் சரியில்லை, வருகிற திங்கட்கிழமையே மதுரைக்குப் போய் இருதய டாக்டரைப் பார்க்க வேண்டும், தானே போன் செய்து நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை, கொஞ்சம் நியாயத்தை யோசியுங்கள். ஒரு மனிதனை ஊர் பார்க்க வெளியே உட்கார வைத்தால் பிரஷர் ஏறாதா? அதற்கு முன்னால் எனக்குப் பிரஷர் இருந்தது என்பதற்கு அத்தாட்சி என்ன? யாரும் அளந்து பார்த்ததே இல்லையே. உங்கள் மகளே ஏற்றிவிட்டு, உங்கள் மகளே அளந்து, உங்கள் மகளே அதற்கு மாத்திரையும் எழுதுகிறாள். இதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளவும்.

அந்த மாத்திரையை நான் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் பெத்தம்மாளுக்கும் அன்று ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தாள். என்ன மாத்திரை என்று சொல்ல மாட்டாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இவள் அந்த வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். "நீங்க முழுங்குனாத்தான் நான் முழுங்குவேன்" என்கிறாள். என்ன நோய் என்றே தெரியாத நிலையில், என் பிடிவாதத்தால் அவள் ஒரு வேளை மருந்தைத் தவற விடுவது சரியில்லை என்று நானும் முழுங்கிவிடுகிறேன். தினமும் இப்படித்தான் நடக்கிறது. இல்லாத நோய்க்கு நான் மருந்து சாப்பிடுகிறேன், இருக்கிற நோயை அவள் மறைக்கிறாள்.

மதுரைக்குப் போவது பற்றி உங்கள் மகளிடம் என் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். பெத்தம்மாளுக்கு என்ன என்று எனக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை பஸ் ஏறுவேன். தெரியாதவரை ஏறமாட்டேன். தூக்கிக்கொண்டு போனாலும் பாளையம்பட்டி நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பிவிடுவேன். உங்கள் மகள் கையெடுத்துக் கும்பிட்டு, "மாமா, நாளத் தள்ளாதீக" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. டாக்டர் குரலாக இல்லை, சின்னப் பிள்ளையில் வேட்டியைக் கிழித்துவிட்டு நின்றபோது இருந்த குரல். என்றாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து டாக்டரைப் போனில் அழைத்து, தகப்பன் என்ற முறையில் அதட்டி, பெத்தம்மாள் உள்ளே அவ்வளவு நேரம் என்ன சொன்னாள், அவளுக்கு என்ன நோய், அது குணமாகுமா என்பதைக் கேட்டு எனக்கு உடனே எழுத வேண்டும். கெட்ட நோயாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று அவளும் உங்கள் மகளும் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நான் உடையமாட்டேன். வேண்டியதைச் செய்வேன். காட்டை ஒத்திக்கு விட்டாவது எந்த ஊருக்கும் கூட்டிப் போவேன். எனக்கு எந்தக் கால் வலிக்கும் என்று சொல்ல வேறு ஆள் கிடையாது, மாப்பிள்ளை. இதையும் நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கூரையில் மேற்கு மூலையில் நாலு ஓடு நகர்ந்திருக்கிறது, மழைக்கு முன் பார்க்க வேண்டும். தங்கச்சி முனீஸ்வரிக்கு என் விசாரிப்பு. சுந்தரபாண்டிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் குலசாமி கூடவே நின்று நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். உங்கள் மகளுக்கும் அதே ஆசீர்வாதம் உண்டு, புகார் வேறு, ஆசீர்வாதம் வேறு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனர்,
சு. இருளப்பசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்வது என் பழக்கம். சத்தமாகத்தான் வாசிப்பேன். பெத்தம்மாள் முற்றத்தில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது ஞாபகம் இல்லை. மோர்வத்தல் எலி வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், எந்தக் கால் என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, வத்தல் கையாலேயே கண்ணைத் துடைத்து, பிறகு எரிச்சல் தாங்காமல் ஓடிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளுக்கு நோய் எதுவும் இல்லையாம். அந்த வெள்ளை மாத்திரை முழங்காலுக்குக் கொடுத்த சுண்ணாம்புச் சத்தாம். திரைக்கு உள்ளே அவ்வளவு நேரம் பேசியது முழுக்க என் உடம்பைப் பற்றித்தானாம். களத்தில் நான் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு முகம் வெளுத்ததாம். மச்சானைக் கூப்பிட்டால் வரமாட்டார், அவரை வெளியே உட்கார வையுங்கள், ரோசத்தில் தானே உள்ளே வந்து படுப்பார் என்று யோசனை சொன்னது கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு ஆளாம். மாட்டு விலை இதுதானா, மாப்பிள்ளை?

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. மேலே டாக்டர் ஜெகதீஸ்வரி என்றும் உங்கள் மகள் என்றும் வருகிற இடங்களில் எல்லாம் மாரிக்கண்ணன் என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும். நிபந்தனை நிறைவேறிவிட்டபடியால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்குப் போகிறேன். அங்கே உள்ளே போகும்போது பெத்தம்மாளும் கூட வருவாள், எனக்கு என்ன செய்கிறது என்பதை அவள்தான் சொல்வாள், அவளை யாரும் வெளியே உட்காரச் சொல்லக் கூடாது. இதை அந்த டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி உங்கள் மகளிடம் தெரிவிக்கவும். இந்த இடத்தில் மட்டும் மாற்றி வாசிக்க வேண்டாம்.

கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை. வாசலில் பெத்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு நடக்க வேண்டுமாம். துணைக்குப் போகிறேன்.